மிச்சம் இருக்கிறதா என்று கேட்டவர்

ஓய்வுபெற்ற அமர்வு நீதிபதி அருளானந்தம் மறைந்த செய்தி எனக்கு ஸ்டெல்லாவிடமிருந்துதான் வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "சார், ஐயா தவறிட்டாராம். அவர் பொண்ணு இப்பதான் போன் பண்ணி சொல்லிச்சு," என்றார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஏதாவது பேசுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "இது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொந்தபந்தங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் ஸ்டெல்லாவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஐயா தன் மகளிடம் சொல்லிவைத்திருந்தாராம். கொரட்டூர் மாதா கோயிலில் பூசை முடிந்து சவப்பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது அந்தப் பெண் என்னிடம் அதைச் சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. வழக்கறிஞர்களான உங்களில் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய நீதிமன்றத்தில் நான் பல ஆண்டுகள் அரசு வழக்கறிஞராக நின்றேன். கடைசிவரை என்னை 'பி.பி. சார்' என்றே கூப்பிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கோ அது எங்கே இருந்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. குற்றம் நிரூபணமானதும், தண்டனை சொல்வதற்கு முன்னால், அதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று குற்றவாளியைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் அது மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துபோகும். குடும்பம் இருக்கிறது, கருணை காட்டுங்கள் என்பான். சொல்லாவிட்டாலும் சுருக்கெழுத்தர் அதைத்தான் அடிப்பார். அருளானந்தம் ஐயா மட்டும் கேட்டுவிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை மருமகளைக் கொளுத்திய கிழவி ஒருத்தி நெடுநேரம் நின்றுவிட்டு, "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்க?" என்று கேட்டாள். போலீஸ்காரரை அனுப்பி மாட்டுக்கு ஏற்பாடு செய்த பிறகுதான் ஆயுள் தண்டனையைப் படித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. "தண்டனை குடுக்கறது என் வேலை பி.பி. சார். காது குடுக்கறதும் அதுல சேர்ந்ததுதான்," என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்த நேரத்தில் எவன் எவ்வளவு கெட்ட வார்த்தை பேசினாலும் பதிவு செய்ய மாட்டார். ஒருவன் அவருடைய தாயாரையே இழுத்துத் திட்டினான். 'கருணை கோரினார்' என்று எழுதச் சொன்னார். கரையான்சாவடி டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரிடமே கேட்டேன். "தீர்ப்பு காதுல விழுந்த நிமிஷத்துல மனுஷன் பேசறது அவன் பேச்சு இல்ல. அதை எழுதி வச்சா ஆயுசு பூரா அவனுக்கு முன்னால போய் நிக்கும்," என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று அன்று நினைத்தேன்.

திருமழிசை வழக்கு வந்தது அதற்குப் பிறகு. அண்ணன் அந்தோணி, தம்பி பீட்டர். தொழிற்பேட்டைச் சாலையை ஒட்டிய பூர்வீக மனையைப் பிரிப்பதில் தகராறு. ஒரு மாலையில் அண்ணன் வீட்டு வாசலிலேயே பீட்டர் அவரை வெட்டிப் போட்டான். பார்த்த ஒரே ஆள் அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா. இடுப்பில் கைக்குழந்தையோடு கூண்டில் ஏறி, கொழுந்தனைக் கைகாட்டிச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியால்தான் வழக்கு நின்றது.

குற்றவாளி என்று தீர்மானித்ததும் ஐயா வழக்கம்போலக் கேட்டார், பேனாவை மூடினார், காத்திருந்தார். பீட்டர் அழவில்லை, திட்டவும் இல்லை. பின்வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "எத்தினி வருசம்னு சொல்லிடுங்க ஐயா. முடிச்சுக்கினு வந்துடறேன். எனக்கு வெளிய மிச்சம் கீது."

நான் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்தவன். இப்படி ஒருவன் பேசிக் கேட்டதில்லை. இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டேன். ஐயா என்னை உட்காரச் சொன்னார். தண்டனையை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். மறுநாள் ஆயுள் தண்டனை விதித்து, முப்பது ஆண்டுகள் முடியும்வரை தண்டனைக் குறைப்போ முன்விடுதலையோ தரக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். பீட்டர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கருணை கோரினார்' என்றே இருந்தது. அவருடைய அறைக்குப் போய்க் கேட்டபோது, "வருஷத்தை எழுதிட்டேன், அது போதும்," என்றார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "பிள்ளை வளர்ந்து ஆளாகுற வரைக்கும் பயம் இல்லம்மா," என்று அவரே சொன்னார்.

அந்த வரி நிற்கவில்லை. மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள், இப்படி ஆண்டு வரையறுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றங்களுக்கு மட்டுமே உண்டு என்று சட்டம் தெளிவாகிவிட்டது. மேலே இருந்தவர்கள் தாங்களே அதை விதித்திருக்கலாம். ஆனால் எதற்காக முப்பது ஆண்டு என்பதற்குக் கீழ்க் கோர்ட்டுப் பதிவில் காரணம் ஒன்றும் இல்லையே. ஆயுள் தண்டனை அப்படியே இருந்தது, அந்த வரி மட்டும் போயிற்று. பிறகு ஒரு தலைவரின் பிறந்தநாளையொட்டி விடுதலையானவர்களில் பீட்டரும் ஒருவன். சிறையில் நன்னடத்தை. அவனுக்கு எதிராகக் காகிதத்தில் எதுவுமே இல்லை.

அதைக் கேள்விப்பட்ட அன்றே ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு திருமழிசைக்குப் போனார். ஸ்டெல்லா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே, "நான் எழுதினது நிக்கலம்மா. எழுத வேண்டியதை நான் எழுதல," என்றார். ஸ்டெல்லா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அப்ப நாங்க எங்க போறது சார்?" என்று மட்டும் கேட்டார். காவல் நிலையத்துக்குப் போனோம். ஆய்வாளர் நல்ல மனிதர்தான். "அவன் ஒண்ணும் பண்ணலையே சார். எதை வச்சுப் பிடிக்கிறது?" என்றார். அந்த மாதமே தாயும் மகளும் வேறு ஊருக்குப் போனார்கள். எந்த ஊர் என்று இங்கே எழுத மாட்டேன். இதைப் படிப்பவர்களில் அவனும் இருக்கலாம்.

ஓய்வுக்குப் பிறகு ஐயாவும் நானும் கொரட்டூர் ஏரிக்கரையில் காலையில் நடப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் பீட்டர் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வெளுத்த சட்டை. கும்பிட்டான்.

"நல்லா கீறீங்களா ஐயா? அன்னிக்கு நான் பேசனத நீங்க எழுதாம உட்டீங்க. அதான் வெளிய கீறேன். நன்றி சொல்லணும்னு வந்தேன்."

ஐயாவின் முகம் அப்படி வாடிப்போய் நான் பார்த்ததில்லை. பீட்டர் அதே மரியாதையோடு அடுத்ததைக் கேட்டான். "அண்ணி இப்போ எங்க கீதுனு உங்களுக்குத் தெரியுமா ஐயா? ஊடு பூட்டிக் கெடக்குது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். "தெரியும். சொல்ல மாட்டேன்," என்றார் ஐயா. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட்டில் கேட்பதுபோலவே கேட்டார். "மிச்சம் இருக்குன்னு சொன்னியே பீட்டர். இன்னும் இருக்கா?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐயா காத்திருந்தார். ஒரு ரயில் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. "கீது ஐயா," என்றான். "சரி. அடுத்த ஞாயிறு வா," என்றார்.

வருவான் என்று நான் நம்பவில்லை. வந்தான். கரையான்சாவடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, மூட்டை தூக்கும் வேலை செய்துவந்தான். ஞாயிறு விடுமுறை. ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், மழை கொட்டினாலும், அவர் பூசைக்குப் போகும் முன் பெஞ்சுக்குப் போய்விடுவார். கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். நடுவில் சில நாட்கள் அவன் வேறு பேச்சும் பேசினான். சிறையில் தச்சு வேலை கற்றுக்கொண்டதை, அம்மா சாவுக்குப் பரோலில் வந்தபோது தெருவில் யாரும் முகம் கொடுக்காததை எல்லாம் சொன்னான். ஐயா எல்லாவற்றுக்கும் காது கொடுத்தார். கடைசியில் கேட்பார். கடைசியில் அவனும் 'கீது ஐயா' என்பான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன விளையாட்டு ஐயா? ஒருநாள் இவன் வராம போனா என்ன செய்வீங்க?" என்று சத்தம் போட்டேன். "இருக்குன்னு வந்து சொல்லிக்கிட்டு இருக்கற வரைக்கும் அவன் செய்ய மாட்டான் பி.பி. சார். கேக்க ஆள் இருக்கணும், அவ்வளவுதான். நான் எழுதாம விட்ட வருஷத்தை இப்படித்தான் கழிக்க முடியும்," என்றார். அவர் செய்தது தவறு என்று அன்று நினைத்தேன். இன்றும் தீர்ப்பில் செய்தது தவறுதான் என்பேன். அந்தத் தவறைத் தினமும் சுமந்த அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் அன்பு அதனால் குறையவில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு நான் தனியாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பீட்டர் வந்தான். ஐயா இருந்தவரை ஒருநாளும் உட்காராதவன், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா ரொம்ப கஷ்டப்பட்டாரா சார்?"

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டார்."

"நல்ல மனுசன்," என்றான். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. ஸ்டெல்லாவின் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

"மிச்சம் இருக்கா பீட்டர்?" என்று கேட்டேன். கோர்ட்டில் ஒரு நிமிடம் பொறுக்காதவன் காத்திருந்தேன்.

"கீது சார்."

"சரி. அடுத்த ஞாயிறு வா."

அவன் உடனே எழவில்லை. என் கைத்தடியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "உங்களுக்கு இன்னா வயசு சார்?" என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஐயாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த ஒரு கேள்வியும், பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கும் பழக்கமும்தான். இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறேன். அவரை நேசித்த இளைய வழக்கறிஞர்களிடம் நான் கேட்பது இரங்கல் கூட்டமோ படத்திறப்போ இல்லை. உங்களில் யாராவது ஞாயிறு காலை ஏரிக்கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. பீட்டருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.