சிவப்பு நம்பர் போட்ட மருதமரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் ஓர் ஓடை இருக்கிறது. அதன் கரையில் மருதமும் புளியும் நாட்டு மாவுமாக ஒரு பழைய தோப்பு. பட்டா நிலம்தான்; ஆனால் மரங்களை நட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அநேகமாக யாரும் நடவில்லை. சுற்றிலும் காட்டை அழித்துத் தென்னை வைத்த பிறகு மிஞ்சிய துண்டு அது.

எண்பதுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் ஆறு நாள் குனிந்தே இருப்பவனுக்கு அது கழுத்துக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் நரை அணிலின் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சாம்பல் பூசிய முதுகு, உடம்பைவிட நீளமாகத் தோன்றும் வால். தரைக்கு இறங்க அதற்குப் பிடிக்காது. கிளைவிட்டுக் கிளைதான் போக்குவரத்து. நடுவில் ஒரு மரம் போனால் அதற்குப் பாலம் இடிந்த மாதிரி. என்னுடன் வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாவரவியல் நடத்தும் வாத்தியார். அறிவு அவருடையது, பெயிண்ட் என்னுடையது.

எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணித் தொலைத்ததால், கூடு உள்ள மரங்களின் அடியில் நம்பர் போட ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்த சிவப்பு எனாமல். மூன்று கூடுகள் இருந்த பெரிய மருதத்துக்கு ஒன்று. அதை ஒட்டி நின்ற மருதங்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு. இப்படிப் பத்தொன்பது வரை. மரத்தில் சிவப்பு நம்பர் போட்டால் என்ன அர்த்தம் என்று டீக்கடையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டது புத்தகங்களை.

ஒரு ஞாயிறு காலை நாங்கள் போனபோது ஒன்றாம் நம்பர் படுத்துக்கிடந்தது. இரண்டாம் நம்பரில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சிதறிக்கிடந்த கூட்டுக்குப் பக்கத்தில் மரம் வெட்டும் மேஸ்திரி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டாக்காரர் நாலு மரத்துக்கு அனுமதி வாங்கிட்டாரு சார். குறி போட்ட மரம்னு பேப்பர்ல இருக்கு. ஒண்ணு முடிஞ்சது. இன்னும் மூணு."

"அது நான் போட்ட நம்பர்!"

"நீங்க பாரஸ்ட் ஆபீசா?"

"இல்ல. மில்லு."

மேலும் கீழும் பார்த்தார். "மில்லுக்கு மரத்துல என்ன சோலி?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டாம் நம்பர்: கூடு இரண்டு, ஒன்று புதுசு. மேஸ்திரி சிரித்ததில் வெற்றிலைச் சாறு நோட்டில் தெறித்தது.

"வெட்டாம விடுறதுக்கா நம்பர் போட்டீக? எம்புட்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன்! விடுற மரத்துக்கு எவனும் நம்பர் போட்டுப் பாத்ததில்ல. ஏலே, கயித்த இறுக்குலே!"

மனு எழுதிக் கொடுக்கலாம் என்று வாத்தியார் என் காதில் சொன்னார். மனு போய்ச் சேர்வதற்குள் நான்காம் நம்பர் யார் வீட்டிலாவது கட்டிலாகியிருக்கும். நான் தைரியசாலி இல்லை. மேனேஜர் இருமினாலே எழுந்து நிற்கிறவன். ஆனாலும் போய் இரண்டாம் நம்பரின் வேரில் உட்கார்ந்தேன்.

"உக்காரட்டும்லே," என்றார் மேஸ்திரி தன் ஆட்களிடம். "செத்த நேரந்தான். மில்லு ஆளு, சங்கு ஊதினா சோத்துக்கு எந்திரிச்சுப் போயிருவாக. பொறவு வெட்டுவோம்."

அது சுட்டது. உண்மை என்பதால் கூடுதலாகச் சுட்டது. எழுந்தேன். பையிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்து, 2-க்குப் பக்கத்தில் இன்னொரு 2 போட்டேன். இருபத்திரண்டு. அடுத்த மரம் முப்பத்துமூன்று. அதற்கடுத்தது நாற்பத்துநான்கு.

"என்ன சார் பண்ணுதீக?"

"என் நம்பர், நான் மாத்துறேன். ஒண்ணுலருந்து நாலுன்னு வெட்ட வந்தீங்க. இப்ப எங்க இருக்கு ரெண்டு?"

"அய்யோ, நாலு மரத்துக்கு நான் எங்க போவேன்?"

"குறி போட்டவரைக் கூட்டிட்டு வாங்க. அவரு காட்டட்டும்."

வாத்தியார் டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டார். மனுவைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

மத்தியானம் பாரஸ்ட் அதிகாரி வந்தார். அவர் குறி போட்டது தோப்பின் தெற்கு ஓரத்தில், பட்டுப்போன நான்கு புளியமரங்களில். சுத்தியலால் தட்டிய சின்ன முத்திரை. மேஸ்திரியை ஒரு நிமிஷம் திட்டினார், என்னை அரை மணி நேரம். மரத்தில் எழுதுவது குற்றமாம். அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் சுரண்டிவிட வேண்டுமாம்.

"சுரண்ட மாட்டேன் சார்," என்றேன். அதிகாரி ஒருவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்'. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "சுரண்டினா, நாளைக்கு ஒருத்தர் வந்து இங்க அணிலே இல்லன்னு எழுதிட்டுப் போவாரு."

அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு நம்பருக்கும் மேலே ஓர் அணில் வரைந்தேன், இனி யாரும் தப்பாகப் படிக்கக் கூடாது என்று. பெருச்சாளி என்றார் வாத்தியார். கடைசியாக ஒன்றாம் நம்பரின் அடிக்கட்டையில், வெட்டுமுகத்தின்மேல், '1' என்றும் கீழே 'கூடு மூன்று' என்றும் பெரிதாக எழுதினேன். இருபத்திரண்டாம் நம்பரின் கிளை நுனிவரை ஓர் அணில் வந்தது. எதிரே கிளை இல்லை. செத்தை உதிரக் கத்திவிட்டுத் திரும்பிப் போனது.

அடிக்கட்டையில் இருந்ததை யாரோ சுரண்டினார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி சுரண்டினார்கள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு ஏழெட்டுத் தடவை பெயிண்ட் தேவைப்பட்டது. எங்களுக்கு ஏதோ வசதி வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.