47-ல் முடியும் எண்ணைத் தேடி பாப்பாரப்பட்டிக்கு

கிளவுடில் போட்டுவைத்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கலாம்தான். போன செவ்வாய்க்கிழமை அதற்காக நான் சேலத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

என் பழைய போன் ஓடுகிற மாவு கிரைண்டருக்குள் விழுந்து செத்தது. புதுப் போனில் மெயிலைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு நினைவில்லை. மறந்துவிட்டது என்று அழுத்தினால், 47-ல் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்கிறது. அது என் எண் இல்லை, வீட்டுக்காரர் எண்ணும் இல்லை. அந்த மெயிலோடு சேர்ந்த கிளவுடில்தான் நான் தைத்த ஜாக்கெட் டிசைன்கள் இருக்கின்றன. அவை போனால் போகட்டும், மறுபடி தைத்துப் படமெடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் மகள் பிறந்த நாளிலிருந்து யுகேஜி வரைக்குமான படங்கள் அங்கே மட்டும்தான் இருந்தன. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பொறி தட்டியது. பன்னிரண்டாவது முடித்து, கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பாப்பாரப்பட்டி கம்ப்யூட்டர் சென்டரில்தான் அந்த மெயிலைத் தொடங்கினேன். அப்போது என்னோடு படித்தவர்கள் யாரிடமும் போன் கிடையாது. சென்டர் வைத்திருந்த முருகேசன் அண்ணன் எல்லோருக்கும் தன் எண்ணையே போட்டுவிடுவார். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்த எண்ணும் கையில் இல்லை, கேட்டுச் சொல்ல ஊரில் சொந்தக்காரர்களும் இல்லை. நேரில் போவதுதான் வழி.

காலை 6.40-க்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். தர்மபுரிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர், டிக்கெட் 65 ரூபாய். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றதில் முப்பத்தைந்து நிமிடம் போயிற்று. கண்டக்டரிடம் எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டேன். "தொப்பூர்ல வாட்ச்ச பாக்கக் கூடாதுங்க" என்றார். 9.05-க்கு தர்மபுரி. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு 9.30-க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. மழை பெய்திருந்ததால் வழியெல்லாம் பச்சை. கவலையோடு போனவளுக்கே மனம் லேசாகிவிட்டது.

10.20-க்கு இறங்கிப் பார்த்தால் சென்டர் இருந்த இடத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை. சென்டரை மூடியவர் அந்த எண்ணையும் விட்டிருந்தால்? ரீசார்ஜ் செய்யாத எண் வேறு ஆளுக்குப் போய்விடுமே. ஆனால் உள்ளே பைப் அளந்துகொண்டிருந்தது அதே முருகேசன் அண்ணன்தான்.

"மெயில் விசயமா வந்தீங்களாம்மா?" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள்.

"எப்படிங்கண்ணா தெரியும்?"

"பைப் வாங்க வர்றவங்க மொகம் இப்பிடி இருக்காதுங்க. நாப்பத்தேழுதானே?"

மேசை டிராயரை இழுத்தார். சார்ஜில் செருகியபடியே ஒரு பட்டன் போன். வாசலில்தான் சிக்னல் என்று வெளியே போய் நின்றார். முதல் முறை ஓடிபி வரவில்லை. இரண்டாவது முறை வந்தது. ஆறு எண்களையும் இரண்டு தடவை படித்துக் காட்டினார். மெயில் திறந்தது. ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய என் மகள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரையில் வந்தாள். கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அங்கேயே என் எண்ணைப் போட்டேன். வீட்டுக்காரர் எண்ணை இரண்டாவதாகச் சேர்த்தேன்.

"இந்தப் போனை எதுக்குங்கண்ணா இன்னும் வச்சிருக்கீங்க?"

"நான்தானேம்மா போட்டுக் குடுத்தேன். நர்சு, போலீசு, துபாய்ல இருக்கறவங்கன்னு எத்தனையோ பேரு. யாரு மாத்துனாங்க, யாரு மாத்தலன்னு தெரியல. எப்பிடி அணைக்கறது?"

மூன்று மணிக்கெல்லாம் சேலம் திரும்பிவிட்டேன். நீங்களும் போகிறவர் என்றால் காலையிலேயே கிளம்புங்கள், தொப்பூருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். ஆனால் முதலில் உங்கள் மெயிலில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். 47-ல் முடிந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு அந்த அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் மறந்துபோன எண்ணுக்கு அவர் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்.