பழைய பற்றரியோடு புதியதைச் சேர்த்தேன்

பூநகரியில் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் மின்கம்பம் வரவில்லை. வீட்டுக்கு வெளிச்சம் சோலாரும் இரண்டு பற்றரிகளும்தான். மனைவிக்கு இன்சுலின் எழுதிய பிறகு சின்ன பிரிட்ஜ் ஒன்றும் சேர்ந்தது. மாரி தொடங்கியதும் அது விடியும் முன்பே நின்றுவிடும். மருந்து பழுதாகிவிடுமோ என்று எனக்குப் பயம். இன்னும் இரண்டு புதிய பற்றரிகளை வாங்கி வைத்துவிட்டு, பளையிலிருந்து சோலார் பூட்டும் பிள்ளையைக் கூப்பிட்டேன். முப்பது வயதிருக்கும். அவர் கை வைத்த வீட்டில் இரண்டாம் முறை வேலை இல்லை என்று ஊரெல்லாம் கதை.

மனைவி அன்று கிளினிக்குக்குப் போயிருந்தா. வந்தவர் மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஐயா, பழசோட புதுசைச் சேர்க்கக் கூடாது. பழசு புதுசின்ர சார்ஜையும் இழுத்துப்போடும். புதுசு ரெண்டை மட்டும் பூட்டுவம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சண்டைக் காலத்தில் செத்த ரோச் லைற் பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ஒரு புதியதோடு சேர்த்துப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் நாங்கள். நல்ல பற்றரியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வருமா?

"எனக்கே பற்றரி படிப்பிக்கிறீரோ?" என்றேன்.

"அப்ப நான் பூட்டமாட்டன் ஐயா." சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கையும் நானே சேர்த்துப் பூட்டினேன். மனைவியிடம், அந்தப் பிள்ளை பூட்டியதாகச் சொன்னேன்.

சில கிழமை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலை பிரிட்ஜ் நின்று, மருந்துப் பெட்டி வெதுவெதுத்துக் கிடந்தது. வெட்கத்தை விட்டு அவருக்கே போன் எடுத்தேன். கொட்டும் மழைக்குள் ஸ்கூட்டியில் வந்தார். பற்றரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல்ல மருந்தைத் தாங்கோ." கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தார். "கிளினிக்கில கேட்டுப்போட்டுப் பாவியுங்கோ."

மனைவி குசினியிலிருந்து வந்தா. "பிள்ளை, நீர் பூட்டின வடிவு இதுதானோ?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "குறை நினையாதேங்கோ அம்மா, சரியாக்கித் தாறன்," என்று குனிந்து பழைய இரண்டையும் கழற்றத் தொடங்கினார்.

அந்தப் பெண்ணைக் கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு பெரிய மனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் கூனிக்குறுகிப் போனேன்.

"அவா பூட்டேல்லை. வேண்டாமெண்டு சொன்னவா. நான்தான் கேளாமல் பூட்டினனான்."

மனைவி உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. எனக்குத் தரவில்லை.