தொட்டிக்குப் போகாத சாமி படங்கள்

எங்கள் வீட்டுக் கணினி நிறைந்துபோனது எனக்குத் தெரியாது. என்னோடு பேசக் கூடாது என்று எல்லோரும் கூடி முடிவெடுத்துவிட்டார்கள் என்றுதான் ஒரு மாதத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போவில் இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவருவதற்கு முன் நான் ரப்பர் தோட்டத்தில் பால் இறங்கப் பட்டையைக் கீறி, பால்மரம் வெட்டியவள். பக்கத்து மர நிரையில் வெட்டியவள் இப்போது சிலிம் ரிவரில் மகன் வீட்டில் இருக்கிறாள். தோட்டத்தை விற்ற பிறகு எங்களோடு வெட்டியவர்களில் ஒருத்தி லகாட்டுக்குப் போனாள், ஒருத்தி லூமுட்டுக்குப் போனாள். கடிதம் எழுதும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அதனால் தினமும் காலையில் ஆளுக்கொரு சாமி படம் அனுப்பிக்கொள்வோம். படம் வந்தால் எழுந்துவிட்டாள், நடமாடுகிறாள் என்று பொருள். சிலிம் ரிவர்க்காரி அனுப்புவது எப்போதும் முருகன். ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ மினுக்கிக்கொண்டே இருக்கும். பெயரைப் படிக்காமலே அவள்தான் என்று தெரிந்துவிடும்.

போன் என் கண்ணுக்குச் சிறியது. அதில் பேசுவதோடு சரி. வரும் படமெல்லாம் கூடத்துக் கணினிக்குப் போகும்படி மருமகள் செய்து கொடுத்திருந்தாள். விடிந்ததும் கோப்பியை வைத்துக்கொண்டு அதன் முன் உட்காருவேன். வந்த படங்களைப் பார்த்துவிட்டு நானும் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்புவேன். மகனும் மருமகளும் எழுந்து வருவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

சிலிம் ரிவர்க்காரியின் பேத்திக்குப் பரிசம் போட்டார்கள். ரயில் ஏறிப் போயிருந்தேன். மண்டபத்து வாசலில் வந்தவர்கள் பெயர் எழுத ஒரு பெரிய புத்தகம் வைத்திருந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். சிலிம் ரிவர்க்காரி பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அவளுக்குப் பேனா எதுக்குலா? பெருவிரல் போதும், மை கொண்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லகாட்டுக்காரியும் சிரித்தாள், லூமுட்டுக்காரியும் சிரித்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனவள். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் நானாகப் பொறுக்கிக்கொண்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனாலும் என் பெயரை, என் அப்பா பெயரை, ஈப்போ என்பதை எல்லாம் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். சாப்பிட்டேன். வெற்றிலை எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் படம் அனுப்பவில்லை. அவள் அனுப்பட்டும் பார்ப்போம் என்று திரையைப் பார்த்தேன். முருகன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லகாட் பிள்ளையாரும் வரவில்லை, லூமுட் அம்மனும் வரவில்லை. சரி, மூன்று பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். பேசினதும் அவள், முறுக்கிக்கொண்டதும் அவள். நான் எதற்குப் போன் செய்ய வேண்டும்? மருமகளிடமும் சொல்லவில்லை. மாமியாரைக் கூட்டாளிகள் ஒதுக்கிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டிய சங்கதியா? தினமும் அதே நேரத்துக்குக் கோப்பியோடு உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன்.

மருமகள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள். ஒரு நாள் அவள் முடித்த வேலையைக் கணினி சேமித்துக்கொள்ள மறுத்துவிட்டது. கொஞ்ச நேரம் எதையெதையோ தட்டினாள். திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓரம் வரை ஓடியிருந்தது.

"அத்தை, கொஞ்சம் வாங்க. இடமே இல்ல, பெனோவா நெறஞ்சிருச்சு. ஒங்க சாமி படம் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம் இருக்கு. மத்தவங்க அனுப்புற வீடியோ வேற."

"சாமி என்ன இடத்தை அடைக்குது?"

"ஒரு சாமின்னா பரவால்ல. பதினோராயிரம் சாமிலா." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு மாசத்துக்கு மேல புதுப் படம் ஒண்ணுகூட உள்ள வரல. இடமில்லாம எல்லாம் வெளியில நிக்குது. தினமும் இங்கதானே உக்காந்திருக்கீங்க, ஏன் அத்தை சொல்லல?"

 என் மனம் வேறெங்கோ போய்விட்டது. அப்படியென்றால் அவள் அனுப்பியிருக்கலாம். அனுப்பாமலும் இருக்கலாம். கணினி நிறைந்திருக்கும் வரை இரண்டில் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். இடம் பண்ணிவிட்டால் உண்மை தெரிந்துபோகும். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மருமகள் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனாள். அழித்ததெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். மூலையில் இருந்த சின்னக் குப்பைத் தொட்டியைக் காட்டினாள்.

"எடு கையை," என்றேன். "சாமியைக் குப்பைத் தொட்டியில போடுவியா?"

"நெசத் தொட்டி இல்ல அத்தை, அது சும்மா ஒரு படம்."

"இதுவும் படம்தான். படத்தைத்தானே கும்பிடுறோம்?"

தோட்டத்தில் சாமி படம் சட்டம் உடைந்தாலும் சாயம் போனாலும் யாரும் குப்பையில் போட்டதில்லை. கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிடுவோம், இல்லையென்றால் ஆற்றில் விடுவோம். இந்தப் பெட்டிக்குள் மரமும் இல்லை, ஆறும் இல்லை. மருமகள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். தாடையில் கைவைத்து யோசித்தாள்.

"ஒண்ணு செய்யலாம். இன்னொரு பொத்தானையும் சேத்து அமுக்கிட்டு அழிச்சா தொட்டிக்குப் போகாது. நேரா போயிரும்."

"எங்க போகும்?"

"எங்கயும் போகாது. இல்லாமப் போயிரும். திரும்ப எடுக்க முடியாது, அதையும் சொல்லிட்டேன்."

"அப்ப கரைக்கிற மாதிரி."

"ஆமா, கரைக்கிற மாதிரிதான்."

அன்று வெள்ளிக்கிழமை. நாளைக்குச் செய்யலாம் என்றேன். வேலையை அன்றே அனுப்பியாக வேண்டும் என்றாள். முகம் வாடியிருந்தது. சரி, செய் என்று சொல்லிவிட்டேன். அவள் பொத்தானை அழுத்த, ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பிள்ளையாரும் அம்மனும் முருகனும் ரோஜாப்பூவும் அதற்குள் போனார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.

இடம் வந்ததும் வெளியில் நின்ற படங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின. லகாட் பிள்ளையார் ஒரு நாள் விடாமல் வந்திருந்தார். லூமுட் அம்மனும் அப்படித்தான். நான் அவர்களைப் பார்க்கவில்லை. முருகனைத் தேடினேன்.

பரிசத்துக்கு மறுநாள் காலையே அவள் அனுப்பியிருந்தாள். அதற்கு மறுநாளும் அனுப்பியிருந்தாள். விரல் விட்டு எண்ணினேன். பதினாறு காலை. பதினேழாம் நாளிலிருந்து எதுவும் இல்லை.

பதினாறு நாள் அவள் என் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் திறக்கவில்லை என்று போயிருக்கிறாள். பேசினது அவள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முறுக்கிக்கொண்டது யார்?

போனை எடுத்தேன். மருமகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மெதுவாகச் சொன்னாள்:

"கம்ப்யூட்டர் நெறஞ்சிருச்சு, ஒண்ணும் வரல, ஒண்ணும் போகலன்னு சொல்லிருங்க அத்தை. நெசந்தானே."

வரவில்லை என்பது நிஜம். போகவில்லை என்பது நிஜமில்லை. நான் ஒன்று அனுப்பி அது போகாமல் நின்றிருந்தால் அப்படிச் சொல்லலாம். ஆனாலும் அவள் கொடுத்த சாக்கு நல்ல சாக்கு. யாரும் கண்டுபிடிக்க முடியாது. மணி அடித்து அவள் எடுக்கும் வரை அதைத்தான் நாக்கில் வைத்திருந்தேன்.

"யாரு?" என்றாள் எடுத்ததும். என் பெயர் அவள் போனில் தெரியாமலா இருக்கும்?

"நான்தான்."

"ஓ. இப்பத்தான் விடிஞ்சிச்சா ஈப்போவுக்கு?"

சாக்கைச் சொல்ல வாய் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது.

"நீ அனுப்புனதை இன்னைக்குத்தான் பார்த்தேன். கம்ப்யூட்டர் நெறஞ்சிருந்திச்சு. ஆனா நான் அனுப்பாம இருந்தது அதனால இல்ல. வேணும்னேதான் அனுப்பல."

"அது தெரியும்லா எனக்கு."

"பெருவிரல்னு சொன்னியே, அத்தன பேரு முன்னுக்கு. எனக்கு வலிச்சிச்சு."

 அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. 

"நீயாச்சும் ரெண்டு வருசம் போன," என்றாள். "நான் பள்ளிக்கூடத்து வாசப்படிகூட மிதிக்கல. அன்னைக்கு அந்தப் புத்தகத்துல எம்பேர மகன்தான் எழுதினான். நீ எழுதுறப்ப யாரும் என்னைப் பார்க்கக் கூடாதுன்னுதான் ஒன்னைப் பார்த்துச் சிரிக்க வச்சேன்."

இத்தனை வருஷம் பக்கத்து நிரையில் நின்றவள். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை நான் அன்றுதான் யோசித்தேன்.  சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை, இனிமேல்தான் என்றாள். நானும் சாப்பிட்டிருக்கவில்லை.