சீர் டி.வி.யில் பந்தாட்டம்

என் கல்யாணச் சீரில் வந்த டி.வி.யை என் வீட்டுக்காரர் பிரித்துப் போட்டு, காசு போட்டு ஆடுகிற பந்தாட்டப் பெட்டி செய்தார். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "நீ சும்மாவா விட்ட?" என்கிறார்கள். சும்மா விடுகிற ஆளா நான்? சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அப்புறம் நானேதான் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன்.

செங்கம் ரோட்டில் எங்களுக்கு ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. சீர் டி.வி. கறுப்பு வெள்ளைதான், ஆனால் என்ன கம்பீரம்! நாலு கால், இரண்டு பக்கமும் இழுத்து மூடிப் பூட்டுகிற மரக் கதவு, திரையைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு தகடு. செங்கத்துக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம். ஒரு போகத்து மல்லாட்டை விற்ற காசு மொத்தமும் அந்தப் பெட்டிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை படம் போட்டால் தெருவே எங்கள் கூடத்தில்தான். திரைமேல் மூன்று கலர் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தோம், மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. கதாநாயகி நீல நெற்றியும் பச்சைக் கழுத்துமாக அழுவாள், நாங்களும் கூடவே அழுவோம்.

அந்த டி.வி.க்கு ஒரே ஒரு கெட்ட குணம். வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிட்டு, ஈரத் தரையில் நின்று அந்தத் தகட்டைத் துடைத்தால் விரல் நுனியில் சுரீர் என்று கடிக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவரிடம் சொன்னேன். அவர் வந்து தகட்டில் கை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே. ஒனக்கு பிரமை." அவ்வளவுதான், அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். டி.வி. மெக்கானிக் வீட்டில் போய், எங்கள் வீட்டுச் சீர் டி.வி. ஷாக் அடிக்கிறது என்று நானே தண்டோரா போடுவேனா? பிறந்த வீட்டுச் சீரைக் குறை சொல்ல எவளுக்கு வாய் வரும்? ஒரு மணைப் பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று துடைக்கப் பழகிக்கொண்டேன். பலகைமேல் நின்றால் கடிக்காது.

ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் அப்பா எங்கள் ஊருக்கு வருவார். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வளையல் போட்டிருக்கிறேனா, வேலை செய்து கை காய்த்துப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொள்வேன். அடுத்து, "டி.வி. நல்லா ஓடுதா கண்ணு?" என்பார். ஓடுகிறது என்றதும்தான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்குவார்.

ஐந்தாறு வருஷத்தில் எதிர் வீட்டில் கலர் டி.வி. வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெரு அங்கே போய்விட்டது. நன்றிகெட்ட ஜனங்கள்! என் கூடத்தில் நானும் என் நீல நெற்றிக் கதாநாயகியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சரக்கு வாங்க மெட்ராஸ் போன என் வீட்டுக்காரர், அங்கே பொருட்காட்சியில் ஜனம் வரிசையில் நின்று வீடியோ கேம் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு சர்க்யூட் போர்டு. அதை என் டி.வி.யில் மாட்டினார். கறுப்புத் திரையில் இந்தக் கோடியில் ஒரு கோடு, அந்தக் கோடியில் ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் ஓடும், புள்ளியைத் தடுத்து அடிக்க வேண்டும், டொக் டொக் என்று சத்தம் வரும். எங்கள் கலர் தாளில் அந்தப் புள்ளி மேலே போனால் நீலம், கீழே வந்தால் பச்சை. முதல் ஆட்டமே அவரை ஜெயித்தேன். அடுத்ததும் நான்தான். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து நாறுகிற வரைக்கும் ஆடினோம்.

"இத்த ஒரு பெட்டில வெச்சி கடைல போட்டா கும்பல் ஜாஸ்தி வரும்" என்றார். அதுதான் இரண்டு நாள் சண்டை. கடைசியில் என்னை மசிய வைத்தது அந்தக் கும்பல் என்கிற வார்த்தைதான். என் டி.வி. முன்னால் மறுபடி ஜனம் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

"தீபத்துக்கு எங்கப்பா வருவாரு. அன்னிக்கு இது ஓடணும். டி.வி.ய ஒடச்சி மூலைல போட்டு வெச்சிருக்கீங்கனு அவரு பாக்கக் கூடாது" என்றேன்.

"ஓடும். கம்னு இரு."

அவர் மரப் பெட்டியை ரம்பம் வைத்து அறுத்தார், நான் துடைப்பத்தை எடுத்தேன். ஒரு போகத்து மல்லாட்டை தரையில் மரத்தூளாகக் கிடந்தது. ஆனால் புதுப் பெட்டி நன்றாகத்தான் அமைந்தது. ஆள் உயரத்துக்கு பிளைவுட், நெஞ்சு உயரத்தில் திரை, அதற்குக் கீழே இரண்டு குமிழ், காசு போடுகிற இடத்தில் பளபளவென்று ஒரு இரும்புத் தகடு. டி.வி.யின் பழைய மரக் கதவுகளையே திரைக்கு முன்னால் மாட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

தீபத்துக்குப் பத்து நாள் முந்தைய வெள்ளிக்கிழமை திறந்தோம். கடையை நான்தான் பளிச்சென்று கழுவிவிட்டேன். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினோம். சாமி கும்பிட்ட இடம் என்று வந்தவர்கள் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். முதல் ஆட்டம் எதிரே இருந்த டீக்கடைக்காரருக்கு. காசைத் தகட்டில் வைத்தார், அவ்வளவுதான், "ஐயோ சாமி!" என்று துள்ளிப் பின்னால் நின்றவர் காலை மிதித்தார்.

"பெட்டி அடிக்குதுபா!"

"எங்க அடிக்குது?" என்று என் வீட்டுக்காரர் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். ஒன்றுமில்லை. "பாருங்க, நல்லாத்தான கீது. இன்னொரு தபா போடுங்க."

டீக்கடைக்காரர் மறுபடி தொட்டார், மறுபடி துள்ளினார். இவர் தொட்டால் ஒன்றுமில்லை. வேறொருவர் தொட்டார், அவரும் கையை உதறினார். பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று ஒரு குரல் கிளம்பியது. கூட்டம் வாசல் வரைக்கும் பின்வாங்கியது. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ அப்பா வந்து நிற்பது கண்முன்னால் தெரிந்தது. டி.வி.யும் போச்சு, பெட்டியும் போச்சு, என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு! கரண்டில் வேலை செய்கிறவர் என்று கடையிலும் வீட்டிலும் அதை மாட்டிக்கொண்டேதான் திரிவார். சாமி மாடத்துக்கு முன்னால்கூடக் கழற்றுவதில்லை என்று அதற்காகத் தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அன்றைக்குத் தகட்டைத் தொட்டுப் பிரமை என்று சொன்னதும் இதே செருப்பில் நின்றுதான்.

"ஏங்க, செருப்ப கயட்டிட்டுத் தொடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தொடுங்கன்றேன்ல!"

கழற்றினார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டார். அம்மாடி, என்ன துள்ளல்! மாலை ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். அவ்வளவு பேர் முன்னால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பிரமையா? நல்லா சொல்லுங்க, பிரமையா?" என்று கேட்டே விட்டேன். சிரித்து முடித்ததும்தான் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பே வந்தது.

உடனே பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியை மூடினார். உள்ளே இருந்த இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் ஏறும்படி செய்த டி.வி. அது. போர்டை அதோடு சேர்த்ததும் காசுத் தகடு வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது. பிளக்குக்கும் டி.வி.க்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தால் சரியாகிவிடுமாம். மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய் வாங்கி வந்து மாட்டினார். பிறகு வெறுங்காலோடு, தரையில் தண்ணீர் ஊற்றி, தானே நூறு தடவை தொட்டுப் பார்த்தார். டீக்கடைக்காரரையும் கெஞ்சிக் கூட்டிவந்து தொடச் சொன்னார். கும்பல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. என் மணைப் பலகையைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் போட்டேன். "ஏறி நின்னு ஆடுங்க" என்று எல்லாரையும் விரட்டினேன்.

தீபத்தன்று ரோடு முழுக்க மலை சுற்றுகிற ஜனம். கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கும்பலைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார். வழக்கம்போல என் கைகளைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். "டி.வி. நல்லா ஓடுதா கண்ணு?"

 பெட்டியைக் காட்டினேன். அப்பா தன் மரக் கதவுகளை அடையாளம் கண்டுகொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கீழே பார்த்தார்.

"பலக எதுக்கு?"

"ஷாக் அடிச்சிதுபா. இப்ப சரி பண்ணிட்டாரு."

"கடைக்கி வந்தப்புறம் அடிச்சிதா, வூட்ல இருந்தப்பவுமா?"

"வூட்லயுந்தான். மொதல்லேருந்தே."

அப்பா என் கையை விடவில்லை. "வண்டிலேருந்து எறக்கன அன்னிக்கே எனக்கு தெரியும் கண்ணு. நம்ம வூட்ல வெச்சி ஓடுதானு பாத்தப்ப சுரீர்னுச்சி. விடிஞ்சா கல்யாணம். பழுது பொருளத் தூக்கினு வந்துட்டான்னு மாப்ள வூட்ல ஒரு வார்த்த சொல்லிட்டா? கம்னு இருந்துட்டேன். அப்புறம் எப்பிடி வந்து சொல்றது?"

என் விரல்களில் அவர் இத்தனை வருஷமாகத் தேடியது எது என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் கோபமாக வந்தது. "ஏம்பா என்கிட்டகூட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ ஏன் சொல்லல?"

  இரண்டு பேருக்கும் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

அப்பா செருப்பைக் கழற்றினார். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜனம் மிதித்து ஈரமாகிக் கிடந்த தரையில் நின்று, உள்ளங்கையைத் தகட்டில் பதித்தார். வெகு நேரம் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஒண்ணும் பண்ணல" என்றார். பிறகு குமிழைப் பிடித்தார். "வா, எப்பிடி ஆடறதுனு காட்டு."

மலை உச்சியில் தீபம் ஏறி ரோடே அரோகரா என்று முழங்கியபோது நாங்கள் மூன்றாவது ஆட்டத்தில் இருந்தோம். அப்பா என்று பார்க்காமல் மூன்றையும் நானே ஜெயித்தேன்.

அடுத்த தீபத்துக்கும் வந்தார். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.