சட்டை போட்ட சி.பி.யு.

எட்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தில் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியதிலிருந்து, எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மற்ற பாடங்களில் என்ன வாங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டி.வி. ரிமோட் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேட்டரியைக் கழற்றி, இரண்டு தட்டு தட்டி, திரும்ப மாட்டிவிட்டு, ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து வருவேன்.

கம்ப்யூட்டரை அப்பாதான் கொண்டுவந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் ஆபீசுக்குப் புதிது வாங்கியபோது பழையதை மலிவாகக் கொடுத்துவிட்டார்கள். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறை. முன்னறையில் அம்மாவின் ஓவர்லாக் தையல் மெஷின். பக்கத்துக் கம்பெனியிலிருந்து வரும் பனியன்களை அதில்தான் அடித்துக் கொடுப்பார். அதற்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டருக்கும் இடம் கிடைத்தது. மெஷின் ஓடும்போது பறக்கிற பஞ்சுத் தூசு சாமி படத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை எல்லாவற்றிலும் படியும். நாங்கள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் கார் ரேஸ் விளையாட. அக்காவுக்கு அது பிழைப்பு. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நாள் முழுக்க நின்றபடியே டி-சர்ட்டைப் புரட்டிப் புரட்டி, ஓட்டையும் கறையும் விட்டுப்போன தையலும் தேடுகிற வேலை. சாயங்காலம் வந்ததும் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டுதான் டீயே குடிப்பாள். அந்தக் கம்பெனியில் பேட்டர்ன் ரூமில் ஓர் இடம் காலியானது. துணி வெட்டுவதற்கான வடிவங்களைக் கம்ப்யூட்டரில் அளவு போட்டு வரைகிற, உட்கார்ந்து செய்கிற வேலை. தீபாவளி முடிந்ததும் ஒரு டி-சர்ட்டை முழுசாக வரைந்து காட்டு, சரியாக வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று பேட்டர்ன் மாஸ்டர் சொல்லியிருந்தார். அதற்கான சாஃப்ட்வேரைத் தோழி ஒருத்தியிடம் வாங்கி வந்து, ஷிப்ட் முடிந்ததும் வீட்டில் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத மெஷினைப் பார்க்க முடியாது. ஓவர்லாக் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் அப்பாவின் மொபட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அம்மா, கம்ப்யூட்டருக்கும் வைத்தார். அதோடு நிற்கவில்லை. கட்டிங் வேஸ்டில் நல்ல கனமான துணியாகப் பொறுக்கி, சி.பி.யு.வுக்கு ஒரு சட்டையே தைத்துவிட்டார். அடியில் இறுக்கிப் பிடிக்க, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி. ஆன் பண்ணும் பட்டனுக்கு, சட்டைப் பட்டனுக்கு வைப்பது மாதிரி ஒரு காஜா ஓட்டை. பின்னால் ஒயர்கள் போக வரிசையாக நாலு காஜா. தைத்துக் கொடுத்த எந்த பனியனுக்கும் அம்மா அவ்வளவு மெனக்கெட்டதில்லை. மாட்டிவிட்டுப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி அம்சமாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து கம்ப்யூட்டர் பாதியில் அணைய ஆரம்பித்தது. அக்கா தோள் அளவு, கை அளவு எல்லாம் போட்டு வரைந்து வரும்போது பொட்டென்று திரை கறுத்துவிடும். வரைந்ததெல்லாம் போயே போய்விடும். முதலில் அரைமணி நேரம் ஓடியது, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அணைந்தது. ஒருநாள் அக்கா கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அம்மா வந்து சி.பி.யு.வின் தலையில் கையை வைத்துப் பார்த்தார்.

“காச்சக்காரனாட்ட சுடுது கண்ணு. என்னன்னு பாரு” என்றார் என்னிடம்.

நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே சொல்லிவிட்டேன்: “மெமரி பத்தலீங்கம்மா. பழைய மெஷின் அப்படித்தான். அப்கிரேடு பண்ணோணும்.”

அப்கிரேடு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதையே தனி. அப்பா ஒரு கடையில் விசாரித்தார். போர்டை மாற்ற வேண்டும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்களாம். அதற்கெல்லாம் எங்களிடம் வழியில்லை. கடைசியில் அக்காவே முடிவு செய்தாள். தீபாவளி போனஸில் வீட்டுக்குக் கொடுத்தது போக, தனக்கு ஒரு சுடிதார் எடுக்க வைத்திருந்தாள். மயில் கழுத்து நிறம். கடைக் கண்ணாடிக்குள் தொங்கியதை பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குக் காட்டுவாள். அந்தப் பணத்துக்குள் என்ன முடியுமோ அதைச் செய்துகொள்ளலாம், மிச்சம் இருந்தால் சுடிதார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் ஏறினோம். அக்காவின் மடியில் சட்டை போட்ட சி.பி.யு., என் மடியில் ஒயர் பை. பஸ்ஸில் இருந்த ஒரு பெரியவர், “பாப்பாவுக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டுச் சிரித்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். செகண்ட் ஹேண்ட் பொருள்களை வைத்தே ஒப்பேற்றிக் கொடுப்பார் என்று அக்காவின் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள்.

சட்டையைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது.

“ஏன் தங்கச்சி, இத மாட்டிக்கிட்டேதான் ஓட்டுதியளா?”

“ஆமாங்கண்ணா. தூசு போகக் கூடாதுன்னுட்டு அம்மா தெச்சாங்க.”

அவர் சட்டையைக் கழற்றி, மூடியையும் திறந்தார். உள்ளே ஃபேனைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் தலையணைக்குள் இருப்பது மாதிரி பஞ்சு அடைத்திருந்தது. ஏற்கனவே சேர்ந்திருந்த பஞ்சோடு, சூடு வெளியே போகும் வழியையும் சட்டை மூடிவிட்டது, அதனால்தான் தானாக அணைகிறது என்றார். பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்து, ஏதோ பசையைத் தடவி ஓடவிட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. அணையவில்லை.

“அம்புட்டுதான். ஒண்ணும் வாங்க வேண்டாம். சட்டைய மட்டும் மாட்டாதிய.”

அக்கா முகத்தில் எனக்குத் தெரிந்து பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. எனக்கோ என்னமோ போல் இருந்தது. “மெமரிங்கண்ணா?” என்றேன்.

“இருக்கதே போதும் பிள்ள. போட்டா தப்பில்ல. போடணும்னு அவசியமும் இல்ல.”

நான் ஒயர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரிடம், “மெமரியும் ஒண்ணு போட்ருங்கண்ணா” என்றாள். கடைசியில் அக்கா என் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பும்போது பஸ் அந்த ஜவுளிக்கடையைத் தாண்டியது. அக்கா, “அந்தக் கலரு எனக்கு நல்லால்ல கண்ணு” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா அம்மாவிடம் கதை அளந்தாள். “மெமரி பத்தலியாமா. இவ சொன்னது செரிதானுங்கம்மா. புது மெமரிக்குக் காத்து வேணுமாமா, அதனால ஓட்டறப்ப மட்டும் சட்டையக் கழட்டி வெச்சரலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் சொன்னது ஒன்று, இவள் சொல்வது ஒன்று. வாயைத் திறக்கப்போன என் காலை அக்கா மிதித்தாள். அம்மாவுக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருந்தது என்று தோன்றவே இல்லை.

அம்மா சட்டையை வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். பின்பக்கத் துணியில், சரியாக ஃபேன் இருக்கும் இடத்தில், வட்டமாகத் தூசு அப்பியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். துவைக்கப் போட யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து சட்டை திரும்பி வந்தது. முதுகிலும் இரண்டு பக்கமும் பழைய துணியை வெட்டி எடுத்துவிட்டு, விளையாட்டு டி-சர்ட்டுகளுக்குப் போடுகிற கண்ணு கண்ணான மெஷ் துணியை வைத்துத் தைத்திருந்தார். “இப்ப மூச்சு முட்டாதுல்ல கண்ணு?” என்று என்னைத்தான் கேட்டார். நானும் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, முட்டாது என்று சான்றிதழ் கொடுத்தேன். ஆனாலும் ஓட்டும்போது அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பதை அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

தீபாவளி கழிந்த வாரம் அக்கா டி-சர்ட்டை வரைந்து காட்டினாள். மாஸ்டர் அளவு டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து மேலே பேட்டர்ன் ரூமுக்கு வந்துவிடு என்றாராம். வாளித் தண்ணீரில் கால் வைப்பது அதோடு நின்றது. அவள் சம்பளத்தில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். இன்றைக்குக் கோவையில் கம்ப்யூட்டரே பிழைப்பாக இருக்கிறேன் என்றால் அது அவள் போட்ட சாப்பாடு.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்த சி.பி.யு.வைப் பழைய இரும்புக்குப் போட எடுத்தார்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்ற மூடியைத் திறந்தேன். பழைய மெமரிக்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது மெமரி, வாங்கிய அன்றைக்கு மாதிரியே இருந்தது. அக்காவின் அந்த வேலைக்கு அதன் தேவை துளிகூட இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அக்கா தன் மகனோடு வந்திருந்தாள்; பேரனுக்கு பனியன் மடித்துக்கொண்டிருந்த அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

“இத எதுக்குக்கா வாங்குனே?” என்றேன்.

அக்கா சிரித்தாள். “கடையில மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னியே. தொண்ணூத்தெட்டு மார்க்கு வேற.”

அம்மாவும் சிரித்தார். அப்படியானால் இவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. தன் சட்டையைப் பற்றியும், என் மெமரியைப் பற்றியும்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா முந்தைய வருஷத்துச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள். நான் புதுப் பாவாடை சட்டையில் வீதி வீதியாகப் போய், எங்கள் கம்ப்யூட்டருக்கு என்ன குறை என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.