மெர்சி திரும்பும் இடம்

மெர்சி இறந்த செய்தி ஞாயிறு மதியம் நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. சனி இரவு மூளையில் இரத்தக்கசிவு. அன்று மாலையே நான்கு மணிக்கு அடக்கம். நான் அதைப் படித்தபோது வெளியே இருட்டிவிட்டது. காலையில் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நந்தி மலை வரை மிதித்துவிட்டு வந்து, சாப்பிட்டதும் கட்டையாகச் சாய்ந்திருந்தேன். "போன் அடிச்சிட்டே இருக்குன்னு ரெண்டு வாட்டி எழுப்பினேன். 'ம்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க" என்றாள் மனைவி.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் குழு நண்பர்களே, நானும் மெர்சியும் ஒரே வாரத்தில்தான் உங்களோடு சேர்ந்தோம். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. முதல் ஞாயிறே நான் ஊருக்கு வெளியே ஹொசகோட்டே வரை போய்விட்டு வந்து நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அவர் அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு பக்கத்திலேயே ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பல வாரங்கள் அதே ஒரு சுற்றுதான். 'யூ-டர்ன் மெர்சி' என்று பெயர் வைத்தவன் நான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிப்பா, சிரி. இந்த தூரம் ஒடம்புக்குப் பழகட்டும், அப்பால ஏத்திக்கிறேன். ஓட்டிட்டுப் போய் சமைக்க முடியலன்னா அது என் தூரம் இல்ல" என்பார்.

அப்படி ஏற்றி ஏற்றி, ஒரு வருடம் கழித்து நம்மோடு ஊர் எல்லை தாண்டி அத்திபெலே வரை வந்தார். போகும்போது நான் முன்னால் பறந்தேன். திரும்பும்போது தொடை பிடித்துக்கொண்டு ஒரு மேம்பாலத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களெல்லாம் போய்விட்டீர்கள். பின்னால் நிதானமாக வந்த மெர்சி இறங்கி, வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார். "யாரைத் தொரத்திட்டு ஓடுன குமார்? வீட்டுல இருக்கவங்களுக்கு இன்னா மிச்சம் வெச்சிருக்க?" எனக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றி சொன்னதாக நினைவில்லை. அன்று மாலை அவர் சர்ச்சில் பாடகர் குழுவோடு நின்று பாடினார். நான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த கண்காட்சிக்கு என் மகள் அம்மாவோடு போனாள்.

அடக்கத்துக்கு மறுநாள் மெர்சியின் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் ஜோசப் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நேத்து ஊர்ல இல்லியாப்பா? நீ வந்துடுவேன்னு பெட்டிய மூடாம கொஞ்ச நேரம் பாத்தோம்" என்றார். ஊரில் இல்லை என்பதுபோல் தலையாட்டினேன். அவர் கொடுத்த டீயையும் குடித்தேன். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் கூசுகிறது.

இப்போது எனக்கும் ஏரியைச் சுற்றி ஒரு சுற்றுதான். காலில் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். ஞாயிறு மதியங்களில் விழித்திருக்கிறேன். மகள் கூப்பிட்டால் எழுந்து போகிறேன். மெர்சியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஜோசப், அன்று நான் ஊரில்தான் இருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன்.